மினுக்கிக் கெட்ட தாடைகள்

அந்தப் பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் இருக்கும். பெட்டிக்காரர் என்றால்தான் ஆளைத் தெரியும். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையின் உறைமேல்கூட ‘பெட்டிக்காரர் குடும்பத்தார்’ என்றுதான் எழுதியிருக்கும். விஷயம் தெரியாத ஒருவர், ஆர்மோனியம் வாசிக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விருந்து வீட்டில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார். பெட்டிக்காரர் மறுக்கவில்லை. பாடினார். அன்றைக்குச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிட்டது.

மறுத்துப் பேசுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. ‘சரிங்க’ என்பது அவருக்கு மூச்சு மாதிரி. விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் சரிங்க. வந்தபிறகு வேலை இல்லை, போய்வாருங்கள் என்றால் அதற்கும் சரிங்க. அடுத்த வீட்டுக்காரர் இவருடைய ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து, இவர் கூரை ஒழுகி ஏணி கேட்கப் போனபோது அதே ஏணியை எடுத்துக் கொடுத்து, "வேலை முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொடுத்துடணும், என்ன?" என்றார். பெட்டிக்காரர் சரிங்க என்றார். திருப்பியும் கொடுத்தார். ஏணி அந்த வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தது.

"உங்களைத்தான் ஒருநாள் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சு மூடி எடுக்கணும். அப்பவாவது கொஞ்சம் கெட்டிப்படுறீங்களா பாப்போம்" என்பாள் அவர் மனைவி.

அந்தப் பெட்டி எது என்று சொல்லிவிடுகிறேன். பட்டறையில் செய்வது இரும்பு வேலைக்காரர்களுக்கான சாமான்கள். அதில் முக்கியமானது வைஸ். அரத்தால் ராவும்போதும் ரம்பத்தால் அறுக்கும்போதும் இரும்பை அசையவிடாமல் கவ்விப் பிடித்துக்கொள்ளும் சாதனம் அது. கவ்வுவதற்கு அதற்கு இரண்டு தாடை. தாடை கெட்டியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவ்வின இரும்பே தாடையைக் கடித்துவிடும்.

ஆனால் முதலாளி வாங்கிப் போடுவது மைல்டு ஸ்டீல். சாதுவான இரும்பு. நல்ல எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் முறுக்கிக்கொண்டு கல்லாகிவிடும். மைல்டு ஸ்டீலை என்ன செய்தாலும் கோபம் வராது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி போன முகத்தோடேயே வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டிக்காரர் ஒரே துண்டைப் பதினேழு தடவை காய்ச்சி முக்கினார். பதினெட்டாவது தடவை கடவுளை வேண்டிக்கொண்டு முக்கினார். அரம் வழக்கம்போலச் சீவியது. அலுத்துப்போய் அதைக் கரி உலையின் மூலையிலேயே மறந்துவிட்டார். நாள் முழுக்கக் கங்குக்குள் புதைந்து கிடந்ததைச் சாயங்காலம் கண்டு, சூடாற்றுவதற்காகத் தண்ணீரில் போட்டார். மறுநாள் அரம் அதன்மேல் வழுக்கியது. கேட்ட நேரத்தில் கொடுக்காமல், கேட்பதை நிறுத்தின பிறகு கொடுப்பது ஆண்டவனுக்குப் பழக்கம்தானே.

சாது இரும்பின் உடம்பில் கரி போதாது, ஊட்டினால் ஏற்றுக்கொள்ளும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பெட்டி. இரண்டடி நீள இரும்புப் பெட்டி. அடியில் கரித்தூள், சுட்ட எலும்புத் தூள், ஒரு பிடி சலவைச் சோடா. அதன்மேல் தாடைகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மறுபடியும் தூள் போட்டு நிரப்பி, மூடி, சந்துகளில் களிமண் பூசி அடைத்து உலைக்குள் தள்ளுவார். ஆரஞ்சுப் பழத் தோலின் நிறம் வந்த பிறகு ஆறு மணி நேரம். நிறமும் குறையக் கூடாது, நேரமும் குறையக் கூடாது. பிறகு திறந்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் முக்குவார். மேலே ஒரு நகக் கனத்துக்குத் தோல் கல்லாகியிருக்கும். உள்ளே அதே சாது இரும்பு. கீறினால் கீறாது, அடித்தால் உடையாது.

மூடியபின் உள்ளே நடப்பது கரிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அதனால் களிமண் பூசும்போது கண்ணை மூடி இரண்டு வார்த்தை வேண்டிக்கொள்வார். கடவுளை நம்பலாம், சரக்கு வாங்குகிறவர் நம்ப வேண்டுமே! அதற்காக அதே இரும்பில் பென்சில் கனத்துக்கு ஒரு துண்டையும் உள்ளே வைப்பார். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியைக் கடைசியில் முக்கி, ஒடித்துப் பார்ப்பார். ஒடிந்த முகத்தில், நடுவே வெளுப்பும் சுற்றிலும் சாம்பல் நிற விளிம்பும் தெரிந்தால் தோல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடின பிறகு, முதலாளியின் மனைவியுடைய தம்பி மேனேஜராக வந்து சேர்ந்தார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் ‘மச்சான் சார்’. நேரில் சார் மட்டும்.

மச்சான் சார் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஒரு கோப்போடு திரும்பினார். கோப்புக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டை நன்றாகப் பளபளத்தது. மறுநாளே, ‘பார்த்ததும் பிடிக்க வேண்டும்!’ என்று ஒரு பலகை வாசலில் ஏறியது. பிறகு ஒவ்வொரு அறையிலும் ஏறியது. கழிப்பறைக் கதவுக்குப் புது வண்ணம் அடித்து, அதிலும் பலகை மாட்டினார்கள். உள்ளே குழாயில் தண்ணீர் வராமல் நாலு மாதம் ஆகியிருந்தது. ஆனால் வெளியே நின்று பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். உலைக்குக் கரி அள்ளிப் போடும் சட்டியைக்கூட மினுக்கச் சொன்னார். பெட்டிக்காரர் சரிங்க என்று மினுக்கினார். முதல் தடவை கரி அள்ளியதும் அது பழையபடி ஆகிவிட்டது. மறுபடியும் மினுக்கச் சொன்னார். சரிங்க.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து தாடை கேட்டுக் கடிதம் வந்தது. முதலில் பன்னிரண்டு ஜோடித் தாடை செய்து காட்டுங்கள், எங்கள் ஆள் வந்து சோதிப்பார், தேறினால் வருஷம் முழுக்க உங்களிடமே வாங்குகிறோம் என்றார்கள். முதலாளி பெட்டிக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதுல ஒரு தாடை தவறினாலும் சரி, உலைய மூடிட்டு வேலையை வெளிய கொடுத்துடுவேன். அப்புறம் பெட்டிக்காரரே, உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு நான் யோசிக்கணும். புரியுதா?"

"சரிங்க."

உலையை மூடினால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. பாட்டு வராது என்பதும் நிரூபணமாகிவிட்டது.

இருபத்தைந்து தாடை போட்டார், ஒன்று உபரி. சாட்சி ஒடிந்த அழகைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. கறுப்பும் சாம்பலுமாக, அங்கங்கே நீலத் திட்டோடு தாடைகள் வரிசையாகக் காய்ந்தன. அதோடு அவருடைய கடைவாய்ப் பல்லும் வலி தாங்காத கட்டத்துக்கு வந்திருந்ததால், இரண்டு நாள் லீவு போட்டுப் பல் பிடுங்கப் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம், மனசு கேட்காமல் பட்டறைக்கு ஒரு நடை வந்தார். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. மச்சான் சார் அவரைத் தோளில் கைபோட்டு முன்னறைக்கு அழைத்துப் போனார்.

"வாங்க பெட்டிக்காரரே, இப்பிடி வாங்க. இதைப் பாருங்க. பாத்துட்டு அப்பிடியே விழுந்துடாதீங்க."

வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் இருபத்தைந்து தாடைகளும் முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னின. கறுப்பு இல்லை, சாம்பல் இல்லை. பெட்டிக்காரர் குனிந்தார். ஒவ்வொரு தாடையிலும் அவருடைய வீங்கின கன்னம் தெரிந்தது.

"கரி பூசின மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் கிரைண்டிங் கல்லுல பிடிச்சு, மினுக்கு போட்டு எடுத்தோம். வர்ற ஆளு அசந்துடணும்!"

பெட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, ஒரு தாடையின் ஓரத்தில் லேசாக வைத்து இழுத்தார். வழுக்கிப் போக வேண்டிய அரம், ‘கிர்ர்’ என்று கடித்தது. வெள்ளைத் துணியில் பொடி உதிர்ந்தது. ஊட்டி ஊட்டி ஏற்றின தோல் முழுவதும் கிரைண்டிங் கல்லின் அடியில் தூசியாகக் கிடந்தது. மேசைமேல் இருந்தது பழைய சாது இரும்பு.

"ம்ம்! ம்ம்ம்! ம்ம்!" என்றார் பெட்டிக்காரர்.

"பாத்தீங்களா? பேச்சே வரல!" என்றார் மச்சான் சார், பின்னால் நின்றவர்களிடம்.

வீட்டுக்கு வந்து பஞ்சைத் துப்பிவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"வாயில பஞ்சுடி."

"பஞ்சு இல்லாதப்ப மட்டும் சொல்லிக் கிழிச்சீங்களாக்கும்."

அவர் முதலாளிக்குப் போன் செய்தார். வீங்கின வாயால் தட்டுத்தடுமாறிச் சொல்வதற்குள், "எதுவா இருந்தாலும் மச்சான்கிட்ட பேசுங்க, அவன்தான் பாத்துக்கறான்" என்று போன் வைக்கப்பட்டது. மச்சான் சாருக்குச் செய்தார். அவர் அதைவிட அன்பாகப் பேசினார்.

"பேசவே முடியலையே உங்களால, பாவம். நீங்க நாளைக்கும் லீவு எடுத்துக்கோங்க. அந்த முகத்தோட வந்து நின்னீங்கன்னா சோதிக்க வர்றவருக்கும் பாக்க நல்லாருக்காது."

போன் கட்டாகிவிட்டது.

"என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"வர வேணாம்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கன்னு சொன்னேன்."

அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். கண்ணீர் வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று அவருக்குத் தெரியவில்லை. "நாளைக்கு அரம் கடிக்கும். மினுக்கினவரைக் கேக்க மாட்டாங்க, காய்ச்சினவரைத்தான் கேப்பாங்க. இருபத்திரண்டு வருஷம் காய்ச்சின பேரு ஒரு நாள்ல போயிடும். அதுக்கும் சரிங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

மறுநாள் வெளுக்கும் முன்பே பெட்டிக்காரர் பட்டறை வாசலில் நின்றார். காவல்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டிக்காரர் சொல்லாததைச் செய்வார் என்று கனவிலும் நினைக்காதவர் அவர். ஐந்து மணிக்கு உலை மூண்டது. இருபத்து நாலு கண்ணாடித் தாடைகளையும், ஒரு சாட்சியையும் கரித்தூளில் புதைத்தார். உபரித் தாடையை மட்டும் மினுக்கோடு வெளியே வைத்துக்கொண்டார். களிமண் பூசும்போது வழக்கமான இரண்டு வார்த்தையோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்த்து வேண்டினார். ஆறரைக்கு நிறம் வந்தது. திறப்பதென்றால் பன்னிரண்டரை. சோதிக்க வருகிறவர் பதினொன்றுக்கு வருகிறார். பெட்டிக்காரர் ஒரு முக்காலியை உலை வாயருகே போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு மச்சான் சார் வந்தார். முன்னறையில் வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

"திருட்டு! ஐயோ, திருட்டு!" என்று கத்திக்கொண்டு பட்டறை முழுக்க ஓடி, உலைச் சாலையில் வந்து நின்றார். "பெட்டிக்காரரே! தாடை எங்க?"

பெட்டிக்காரர் உலையைக் காட்டினார்.

"அதுக்குள்ளயா? கண்ணாடி மாதிரி இருந்ததைக் கரியில போட்டுப் புதைச்சுட்டீங்களா? ரெண்டு நாள் மினுக்கினேன்யா!"

"மினுக்கினதாலதான் சார். மேல்தோல் போயிடுச்சு."

"தோலா? இரும்புக்கு ஏதுய்யா தோல்? நாங்க எடுத்ததே ஒரு நகக் கனம்தான்!"

"தோலே நகக் கனம்தான் சார்."

மச்சான் சார் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் இது இல்லை. ஓடிப்போய் முதலாளியை அழைத்து வந்தார். ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்பார்கள். இந்தச் சாது மிரண்டு, ஒரு முக்காலிக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது.

"திறங்க பெட்டியை" என்றார் முதலாளி.

"முடியாதுங்க."

கிரைண்டிங் மிஷின் நின்றது. லேத் நின்றது. யார் சொன்னது என்று பெட்டிக்காரரே ஒருகணம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுங்க முதலாளி. இப்ப திறந்தா பாதித்தோல்தான். பன்னெண்டரைக்குத் திறக்கிறேன். அதுக்கப்புறம் என்னைய என்ன வேணா பண்ணுங்க."

முதலாளி மச்சான் சாரின் காதருகே குனிந்தார். "பல்லு பிடுங்கறப்ப மயக்க ஊசி போட்டிருப்பான். இன்னும் இறங்கல போல."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே சோதிக்கிறவர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அரம் இருந்தது. மச்சான் சார் பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கூட்டிவந்தார். அவர் ஒன்றையும் படிக்கவில்லை. கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டு, போய்விட்டு வந்த வேகத்தில் முகம் இன்னும் கடுகடுத்தது.

"சரக்கு எங்க?"

"உள்ள... வெந்துட்டிருக்கு சார்" என்றார் முதலாளி, கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி.

அவர் நேரே உலைக்கு வந்து பெட்டிக்காரரைக் கேட்டார். "நேத்தே முடிஞ்சதுன்னு எழுதியிருந்தாங்களே?"

பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். பொய் சொன்னால் ஆண்டவன் கேட்பான். உண்மையைச் சொன்னால் மச்சான் சார் முகம் எங்கே போகும்? இந்த நிலையிலும் அந்த முகத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

"முடிஞ்சதுதான் சார். மேல்தோல் கொஞ்சம் தேஞ்சு போச்சு. திரும்பப் போட்டிருக்கேன்."

"எப்படித் தேஞ்சது?"

பெட்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சார் முன்னால் பாய்ந்தார். "தேயலை சார், நாங்களே மினுக்கினது! கண்ணாடி மினுக்கு! இவருக்கு அருமை தெரியல. இதோ ஒண்ணு மிச்சமிருக்கு, பாருங்க!" என்று உபரித் தாடையை எடுத்து நீட்டினார்.

வந்தவர் அதில் முகம் பார்க்கவில்லை. அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். கிர்ர். தாடையில் வெள்ளைக் கோடு விழுந்தது. மச்சான் சாரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளில் ஏதோ எழுதினார். பிறகு பெட்டிக்காரரிடம் திரும்பினார்.

"எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"பன்னெண்டரை சார்."

"இன்னொரு முக்காலி இருக்கா?"

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உலையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மூன்று தடவை டீ வரவழைத்தார். மூன்று தடவையும் அது ஆறிப்போனது.

பன்னிரண்டரைக்குக் களிமண்ணை உடைத்து மூடியை நெம்பினார். தாடைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி, ‘ஷ்ஷ்’ என்று சீறி அடங்கின. வெளியே வந்தபோது கறுப்பு, சாம்பல், அங்கங்கே நீலம். மச்சான் சார் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்து, அரத்தை அழுத்தி இழுத்தார். கண்ணாடியில் நகம் வழுக்கும் கீச்சொலி கேட்டது; கீறல் இல்லை. இரண்டாவது, ஐந்தாவது, பதினொன்றாவது. பிறகு சாட்சியை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிலும் சாம்பல் விளிம்பு, சீராக.

"இது போதும். இப்படியே கறுப்பாவே அனுப்புங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அரத்தைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து முதலாளி சொன்னார்: "நான் அப்பவே நினைச்சேன், கறுப்பாவே இருக்கட்டும்னு."

"நானும்தான் மாமா" என்றார் மச்சான் சார்.

அடுத்த வாரம் பழைய பலகைகள் இறங்கின. ‘கறுப்பே தரம்!’ என்று புதுப் பலகைகள் ஏறின. மச்சான் சார் கையில் ஒரு டப்பாவோடு உலைச் சாலைக்கு வந்தார்.

"பெட்டிக்காரரே, நான் யோசிச்சுப் பாத்தேன். அவங்களுக்கு வேண்டியது கறுப்பு. அதுக்கு எதுக்கு ஆறு மணி நேரம் கரியை எரிக்கணும்? கறுப்புப் பெயின்ட் ரெண்டு நிமிஷத்துல காஞ்சுடும். உலைய இன்னைக்கே அணைச்சுடுங்க."

"முடியாதுங்க, சார்" என்றார் பெட்டிக்காரர். இந்தத் தடவை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. "முதல்ல அரத்தால கேளுங்க. பெயின்ட் என்ன பதில் சொல்லுதுன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் அணைக்கிறேன்."

மச்சான் சார் முதலாளியிடம் போனார். முதலாளி அந்தக் கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உலை எரியட்டும்பா" என்று சொல்லிவிட்டு, "அந்தப் பல் டாக்டர் யாருன்னு விசாரி. ஒரு வாரமா ஊசி வேலை செய்யுதுன்னா பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் பெட்டிக்காரர் வீட்டுக்குள் போகாமல் நேரே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏணி வேணுங்க" என்றார்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. வேலை முடிஞ்சதும் பத்திரமா..."

"திருப்பித் தர மாட்டேங்க. அது எங்களுது."

அடுத்த வீட்டுக்காரர் ஏணியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். கடைசியில், "சரிங்க" என்றார்.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கவனித்தார், நடுவில் இரண்டு படி இல்லை. மனைவி, "அதையும் போய்க் கேளுங்க" என்றாள். பெட்டிக்காரர் வீக்கம் வற்றின கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னைக்கு இவ்வளவு சூடு போதும்டி" என்றார்.